மலைக்கு அப்பால் பெய்த செம்மழை

ஆனி பிறந்துவிட்டால் வாசுதேவநல்லூர் மக்களின் கண்கள் தாமாகவே மேற்கு நோக்கித் திரும்பும். ஊருக்கு மேற்கே அரண்போல் நிமிர்ந்து நிற்கும் மலைத்தொடரின் முடிகளை மேகம் மூடியிருக்கிறதா, தெற்கே குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிற்றா என்பதே அந்நாள்களில் தேநீர்க் கடைகளிலும் வயல் வரப்புகளிலும் நிகழும் முதற் பேச்சாகும். அரபிக் கடலிலிருந்து எழுந்து வரும் அம்மேகங்கள் தம் கொடையில் பெரும்பகுதியை மலைக்கு அப்பால் கேரளத்திலேயே கொட்டிவிடுகின்றன. மலைமுடியைத் தாண்டி வரும் எஞ்சிய ஈரமே நமக்குச் சாரலாகவும் குளிர்ந்த காற்றாகவும் கிட்டுகிறது. ஆயினும் காற்று ஒன்றே, மேகமும் ஒன்றே, நடுவே நிற்பது ஒரு மலைதான்.

அந்த மலைக்கு அப்பால், நம் ஊரிலிருந்து பறவை பறக்கும் நேர்வழியில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், சங்கனாச்சேரி என்னும் நகர் இருக்கிறது. கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்த அந்நகரில் 2001-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் மழை செந்நிறமாகப் பெய்தது. வெளியே காய்ந்து கொண்டிருந்த வெண்ணிற ஆடைகளில் கறை படிந்தது. ஏனங்களில் பிடித்து வைத்த நீர், இரத்தம் கலந்ததுபோல் தோன்றிற்று. அதன்பின் கேரளத்தின் பல இடங்களில் விட்டு விட்டுச் செப்டம்பர்த் திங்கள் வரை இந்நிகழ்ச்சி தொடர்ந்தது.

சில நாள்களுக்கு முன் நம் தெருவைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவர் ஒரு குறிப்பேட்டுடன் நம்மிடம் வந்தார். பள்ளிக் கட்டுரைப் போட்டிக்காக அவர் எழுதியிருந்த கட்டுரையின் கடைசி வரி இது: 'பூமியில் உயிர் விண்வெளியிலிருந்து வந்தது என்பதைக் கேரளத்துச் செம்மழை மெய்ப்பித்துவிட்டது.' எழுதியபின் அவருக்கே ஐயம் எழுந்திருக்கிறது. "மாமா, இந்த வரியை வைத்துக்கொள்ளவா, அடித்துவிடவா?" என்று கேட்டார். நாம் அன்றே விடை கூறவில்லை. ஒரு வாரத் தவணை கேட்டோம். அந்த ஒரு வாரத்தில் நாம் படித்தும் எண்ணியும் பார்த்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

வானிலிருந்து விழுந்த இரும்பு

வானிலிருந்து உயிர் வந்ததா என்று கேட்பதற்கு முன், வானிலிருந்து எதுவேனும் வருகிறதா என்ற கேள்விக்கு மனிதன் விடை காண வேண்டியிருந்தது. அவ்விடை எளிதில் கிட்டவில்லை. பதினோராம் நூற்றாண்டிலேயே பேரறிஞர் இப்னு சீனா, வானிலிருந்து விழுந்த இரும்பைப் பற்றித் தம் நூலில் எழுதியிருக்கிறார். நம் நாட்டில் இதற்குக் கிடைக்கும் மிகத் தெளிவான சான்று மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் நினைவுக் குறிப்புகளில் உள்ளது.

1621-ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 1030-இல், பஞ்சாபில் ஜலந்தரைச் சார்ந்த ஒரு சிற்றூரில், வைகறைப் பொழுதில் கிழக்கே பேரோசை எழுந்தது. மக்கள் நடுநடுங்கினர். வானிலிருந்து ஓர் ஒளி மண்ணில் விழுந்தது. செய்தியறிந்த ஆமில் முகம்மது சயீத், தாமே குதிரையேறி அவ்விடத்திற்குச் சென்றார். பத்துப் பன்னிரண்டு கஜ அளவுக்கு நிலம் புல் பூண்டின்றிக் கருகிக் கிடந்தது. மண்ணைத் தோண்டச் சொன்னார். தோண்டத் தோண்டச் சூடு மிகுந்தது. இறுதியில் இரும்புக் கட்டி ஒன்று வெளிப்பட்டது. அது ஆறியபின் பையிலிட்டு, முத்திரை வைத்து, அரசவைக்கு அனுப்பினார். பேரரசர் தம் கண்முன் அதை நிறுக்கச் செய்தார். எடை 160 தோலா. உஸ்தாத் தாவூத் என்னும் கைவினைஞரிடம் அதைக் கொடுத்து வாளும் கத்தியும் செய்யப் பணித்தார். சம்மட்டியின் அடியில் அவ்விரும்பு நொறுங்கிற்று. மூன்று பங்கு வானிரும்புடன் ஒரு பங்கு மண்ணிரும்பு கலந்தபோதுதான் அது பணிந்தது. அவ்வாறு செய்யப்பட்ட கத்தி ஒன்று இன்றும் வாஷிங்டன் நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

இந்நிகழ்ச்சியில் நாம் கருதத்தக்கது, ஆமிலும் அரசரும் கையாண்ட வழியே ஆகும். ஊரார் சொன்னதை ஆமில் எள்ளி நகையாடவில்லை. கேட்டதை அப்படியே நம்பி வாளாவிருக்கவும் இல்லை. நேரில் சென்றார், தோண்டினார், முத்திரை வைத்தார். அரசர் நிறுக்கச் செய்தார். கொல்லர் அடித்துப் பார்த்தார். ஒவ்வொருவரும் தத்தம் சோதனையைச் செய்தனர்.

இதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் ஐரோப்பியக் கழகங்கள் இந்நிலையை எட்டவில்லை. 1768-இல் பிரான்சில் லூசே என்னுமிடத்தில் ஒரு கல் விழுந்தது. அதை ஆய்ந்த குழுவில் வேதியியலின் தந்தை என்று போற்றப்படும் லவாசியேயும் இருந்தார். மின்னல் தாக்கிய மண்ணுலகக் கல்லே அது என்று அக்குழு முடிவு கூறிற்று. கல் விழக் கண்ட உழவர்களின் சொல் எடுபடவில்லை. 1794-இல் கிளாட்னி என்னும் ஜெர்மானிய அறிஞர், இத்தகைய கற்களும் இரும்பும் பூமிக்கு வெளியிலிருந்தே வருகின்றன என்று நூல் எழுதியபோது பலர் ஏளனம் செய்தனர். 1803 ஏப்ரல் 26-ஆம் நாள் பிரான்சின் லேகிள் நகரைச் சுற்றி ஏறத்தாழ மூவாயிரம் கற்கள் பொழிந்தன. பியோ என்னும் இளம் அறிஞர் அங்கு அனுப்பப்பட்டார். அவர் ஊர் ஊராகச் சென்று மக்களை விசாரித்து, கற்கள் விழுந்த இடங்களை வரைபடத்தில் குறித்து அறிக்கை தந்த பிறகே ஐயம் அகன்றது. கண்டவரின் சான்றைக் கேளாமலே ஒன்றை மறுப்பது அறிவுடைமை ஆகாது என்பது அன்று கிடைத்த படிப்பினையாகும்.

உயிர் வித்துகள் என்னும் கருத்து

வானிலிருந்து கல் வரும் என்பது உறுதியானபின், அக்கல்லோடு உயிரும் வருமா என்ற எண்ணம் எழுந்தது இயல்பே. அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அழுகிய இறைச்சியிலும் கெட்டுப்போன கஞ்சியிலும் உயிர் தானாகவே தோன்றுகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லூயி பாஸ்டர் தம் சோதனைகளால் அந்நம்பிக்கையைத் தகர்த்தார். உயிரிலிருந்தே உயிர் பிறக்கிறது என்றால், முதல் உயிர் எங்கிருந்து பிறந்தது? இக்கேள்வியின் நெருக்கடியில்தான் அறிஞர் சிலர் விண்ணை நோக்கினர். 1865-இல் ஜெர்மானியரான ரிக்டரும், 1871-இல் எடின்பரோ நகரில் கூடிய அறிவியல் மாநாட்டில், பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தாம்சனும், விண்கற்கள் உயிரின் வித்துகளைச் சுமந்து வந்திருக்கலாம் என்று உரைத்தனர். சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரேனியஸ் 1903-இல் இன்னும் ஒருபடி மேலே சென்றார். கல்லும் வேண்டா, நுண்ணிய வித்துகளை ஒளியின் அழுத்தமே உலகுவிட்டு உலகு தள்ளிச் செல்லும் என்றார். இக்கொள்கைக்குப் 'பான்ஸ்பெர்மியா' என்று பெயர். எங்கும் நிறைந்த வித்து என்பது அதன் பொருள்.

அர்ரேனியஸின் கருத்துக்கு ஒரு தடை விரைவிலேயே எழுந்தது. விண்வெளியில் காற்றுப் போர்வை இல்லை. கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் அங்கே நேரடியாகப் பாய்கின்றன. திறந்த வெளியில் தனித்து மிதக்கும் நுண்ணுயிரை அக்கதிர்கள் கொன்றுவிடும்.

இதற்கிடையில், உயிர் பூமியிலேயே தோன்றியிருக்கலாம் என்ற எண்ணமும் வலுப்பெற்றது. 1924-இல் ரஷ்ய அறிஞர் ஓப்பாரினும், 1929-இல் ஆங்கில அறிஞர் ஹால்டேனும், பண்டைய பூமியின் நீர்நிலைகளில் வேதிப்பொருள்கள் திரண்டு படிப்படியாக உயிராக உருப்பெற்றிருக்கலாம் என்று தனித்தனியே எழுதினர். இந்த ஹால்டேனே 1957-இல் இந்தியாவுக்குக் குடியேறி, இந்நாட்டுக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தவர். 1953-இல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் என்ற இளைஞர் ஒரு கண்ணாடிக் குடுவையில் நீராவி, மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் ஆகியவற்றை அடைத்து மின்பொறி பாய்ச்சினார். சில நாள்களில் அமினோ அமிலங்கள் உண்டாயின. உயிருடலைக் கட்டும் புரதங்களுக்கு அமினோ அமிலங்களே செங்கற்கள். செங்கல் உண்டாயிற்று, வீடு உண்டாகவில்லை. எனினும் செங்கல் எளிதில் உண்டாகும் என்பது தெளிவாயிற்று.

ஈழத்திலிருந்து சென்ற இருவர்

இவ்வரலாற்றின் அடுத்த கட்டத்தில் இலங்கையில் பிறந்த இருவரின் பெயர்கள் முன்னே வருகின்றன. முதலாமவர் சிரில் பொன்னம்பெரும. 1923-இல் காலி நகரில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக் கழகத்தில் மெய்யியல் பயின்று 1948-இல் பட்டம் பெற்றவர். மெய்யியல் மாணவராக இருந்தவர் பின்னர் இலண்டன் சென்று வேதியியல் கற்றார். அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று, அந்நாட்டு விண்வெளி நிறுவனமான நாசாவில் உயிரின் தோற்றத்தை ஆயும் பணியில் அமர்ந்தார்.

1969 செப்டம்பர் 28-ஆம் நாள் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்னும் ஊரருகே ஒரு விண்கல் சிதறி விழுந்தது. நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட துண்டுகள் திரட்டப்பட்டன. மனிதன் நிலவில் கால் வைத்து இரண்டு திங்கள்களே ஆகியிருந்த நேரம் அது. நிலவுப் பாறைகளை மாசு படாமல் ஆய்வதற்கென அமைக்கப்பட்ட கூடங்கள் ஆயத்தமாக இருந்தன. பொன்னம்பெருமவும் அவர்தம் தோழர்களும் அக்கல்லை ஆய்ந்து, அதில் அமினோ அமிலங்கள் இருப்பதை 1970-இல் வெளியிட்டனர்.

அவை பூமியில் விழுந்தபின் ஒட்டிக்கொண்ட மாசு அல்ல என்பதை எவ்வாறு அறிந்தனர்? நம் இரு காலணிகளை நோக்குவோம். இரண்டும் ஒரே அளவு, ஒரே தோல். ஆயினும் இடக்கால் செருப்பு வலக்காலுக்குப் பொருந்தாது. பெரும்பாலான அமினோ அமிலங்களும் இவ்வாறே இடம், வலம் என இரு வடிவில் அமைகின்றன. பூமியின் உயிர்கள் தம் புரதங்களைக் கட்ட இட வடிவத்தையே பயன்படுத்துகின்றன. மர்ச்சிசன் கல்லிலோ இரு வடிவங்களும் ஏறத்தாழச் சமமாகக் கலந்திருந்தன. மண்ணுலக உயிரின் கைபட்டிருந்தால் இடவடிவமே மிகுந்திருக்கும். ஆகவே அவை உயிரின் துணையின்றி விண்ணில் உண்டானவை என்று கொண்டனர். பொன்னம்பெரும 1994-இல் மறைந்தார்.

இரண்டாமவர் சந்திரா விக்கிரமசிங்க. 1939-இல் கொழும்பில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் புகழ்மிக்க வானியலறிஞர் பிரெட் ஹாயிலிடம் பயின்றவர். விண்மீன்களுக்கிடையே பரந்து கிடக்கும் தூசியில் கரிமப் பொருள்கள் மிகுதி என்று அவர்கள் முன்னரே கூறினர். அக்கருத்து காலப்போக்கில் ஏற்கப்பட்டது. ஆனால் அவர்கள் அதனோடு நிற்கவில்லை. அத்தூசியில் நுண்ணுயிர்களே இருக்கின்றன, வால்மீன்கள் அவற்றைப் பூமிக்குக் கொணர்ந்தன, இன்றும் கொணர்கின்றன என்றனர். 1979-இல் வெளியிட்ட நூலில், தொற்றுநோய்களும் விண்ணிலிருந்து வருகின்றன என்றும் எழுதினர். பிற்கூறியவற்றை அறிவியலுலகில் மிகப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஓர் ஆசிரியர் ஒன்றில் சரியாகச் சொன்னதால் மற்றொன்றிலும் சரியாகவே சொல்லியிருப்பார் என்று கொள்ளுதல் தகாது.

ஐதராபாத்தில் ஏறிய பலூன்

பூமியின் மேல்வானிலிருந்து நுண்ணுயிர்கள் இறங்கி வருமானால் அங்கேயே சென்று பிடித்துப் பார்க்கலாமே என்ற எண்ணம் எழுந்தது. வானியலறிஞர் ஜயந்த் நார்லிகர் இதற்கு முன்னின்றார். ஐதராபாத்திலிருந்து 2001 ஜனவரியிலும் 2005 ஏப்ரலிலும் மாபெரும் பலூன்கள் ஏவப்பட்டன. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் இம்முயற்சியைத் தாங்கிற்று. முன்கூட்டியே நுண்ணுயிர் நீக்கப்பட்ட குழாய்களில், 20 கிலோமீட்டர் முதல் 41 கிலோமீட்டர் வரை உள்ள உயரங்களின் காற்று 2005-இல் சேகரிக்கப்பட்டது. அதில் 12 பாக்டீரியாக் கூட்டங்களும் 6 பூஞ்சைக் கூட்டங்களும் வளர்ந்தன. பாக்டீரியாக்களில் மூன்று, அதுவரை அறியப்படாத இனங்கள் என்று 2009-இல் அறிவிக்கப்பட்டது. ஹாயிலின் பெயரும், ஆரியபட்டரின் பெயரும், இஸ்ரோவின் பெயரும் அவற்றுக்குச் சூட்டப்பட்டன.

செய்தி கேட்டோர் பலர், விண்ணுயிர் பிடிபட்டது என்று மகிழ்ந்தனர். ஆனால் அறிவித்த நிறுவனமோ, இது அவ்வுயிர்கள் விண்ணிலிருந்து வந்தவை என்பதை முடிவாக நிறுவவில்லை என்று அப்போதே கூறியது. பூமியிலிருந்தும் நுண்ணுயிர்கள் காற்றோடு மேலே செல்லக்கூடும் அன்றோ? ஆரியபட்டரின் பெயர் பெற்ற இனம், பின்னர் நாம் மிதிக்கும் மண்ணிலும் பயிர்களின் வேரடியிலும் காணப்பட்டது.

செம்மழையின் செய்தி

இத்துணைப் பின்னணியோடு நாம் மீண்டும் மலைக்கு அப்பால் செல்வோம். சங்கனாச்சேரியில் செம்மழை பெய்வதற்குச் சற்று முன், விடியற்காலையில் பேரிடி போன்ற ஓசையும் ஒளியும் தோன்றியதாகச் சிலர் கூறினர். இதனைக் கருத்திற்கொண்டு திருவனந்தபுரம் புவி அறிவியல் ஆய்வு மையம், விண்கல் ஒன்று வெடித்து அதன் தூசி மழையில் கலந்திருக்கலாம் என்று முதலில் சொல்லிற்று. சில நாள்களில் அம்மையமே தன் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது அத்துகள்கள் தூசியாகத் தோன்றவில்லை, வித்துகளாகத் தோன்றின. மேலும், ஓரிடத்தில் வெடித்த கல்லின் தூசி, வாரக் கணக்கில் காற்றால் சிதறாமல் அதே வட்டாரத்தின்மேல் நின்று பெய்வதும் இயலாது.

இவ்வாறு தாம் சொன்னதைத் தாமே மறுத்துக்கொண்டவரை நம்மில் பலர் இகழக்கூடும். நாமோ, இவ்வரலாறு முழுவதிலும் பெருமைக்குரிய இடங்களில் இதுவும் ஒன்று என்போம்.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தின் துணையோடு ஆய்வு தொடர்ந்தது. ஆய்வுக் கூடத்தில் அத்துகள்களை வளர்த்தபோது, டிரென்டிபோலியா என்னும் பாசி முளைத்தது. ஆகஸ்டுத் திங்களில் சங்கனாச்சேரிக்கே சென்று பார்த்தபோது, மரங்களிலும் பாறைகளிலும் விளக்குக் கம்பங்களிலும் அதே பாசியைக் கொண்ட லைக்கன் அடர்ந்து படிந்திருப்பதைக் கண்டனர். லைக்கன் என்பது நம் இல்லங்களுக்குப் புதியதன்று. பிரியாணிக்கு மணம் கூட்ட நாம் இடும் கல்பாசி ஒரு லைக்கனே. பாசியும் பூஞ்சையும் இணைந்து ஓருயிர்போல் வாழும் வாழ்க்கை அது. டிரென்டிபோலியா பச்சைப் பாசி இனத்தைச் சேர்ந்ததாயினும், காரட்டுக்கு நிறம் தரும் வகைச் சாயம் அதில் மிகுந்திருப்பதால் செம்மஞ்சளாகத் தோன்றும். மழை வளம் மிகுந்த மலைப்பகுதியின் மரப்பட்டைகளில் அந்நிறத்தைப் பார்த்தவர் பலர். பெயர் கேட்டவர் சிலர். அதன் வித்துகளே மழையைச் சிவக்கச் செய்தன என்று 2001 நவம்பரில் அறிக்கை வந்தது. எனினும், இத்துணை வித்துகள் ஒரே காலத்தில் எவ்வாறு வெளிப்பட்டு மேகத்தை எட்டின என்பதை அவ்வறிக்கையால் நிறைவாக விளக்க இயலவில்லை.

அந்த இடைவெளியில்தான் மற்றொரு விளக்கம் நுழைந்தது. கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக் கழகத்து இயற்பியலாளர்களான காட்ஃப்ரே லூயிசும் சந்தோஷ்குமாரும் பல இடங்களிலிருந்து செம்மழை நீரைத் திரட்டி ஆய்ந்தனர். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 4 முதல் 10 பங்கு அளவுள்ள, தடித்த உறை கொண்ட உயிரணு போன்ற துகள்களை அவர்கள் கண்டனர். பெய்த துகள்களின் மொத்த எடை 50,000 கிலோகிராமுக்குக் குறையாது என மதிப்பிட்டனர். தம் சோதனையில் மரபுப் பொருளான டி.என்.ஏ. காணப்படவில்லை என்றனர். வால்மீன் துண்டு ஒன்று வானில் சிதறியதால் வந்த விண்ணுயிர்களாக இவை இருக்கலாம் என்னும் அவர்களது கட்டுரை 2006-இல் வெளியாயிற்று. உலகெங்கும் செய்தி பரவியது. விக்கிரமசிங்கவும் இதில் ஆர்வம் காட்டினார். நம் மாணவரின் கடைசி வரி பிறந்த இடம் இதுவே.

அவ்விருவரும் நீரைத் திரட்டினர், அளந்தனர், தம் முடிவைப் பிறர் சோதிக்கும்படி அச்சில் வைத்தனர். அதற்காக அவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் சோதித்த பிறர் கண்டது வேறு. அத்துகள்களில் டி.என்.ஏ. உண்டு என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. தடித்த உறைக்குள் இருக்கும் டி.என்.ஏ. எளிய சோதனைக்கு அகப்படாமற் போதல் இயல்பே. 2015-இல் வெளியான ஆய்வொன்று அந்த டி.என்.ஏ.யைப் படித்து, அது டிரென்டிபோலியா இனத்தின் ஒரு வகை என்றும், ஆஸ்திரியாவில் காணப்படும் வகையோடு நெருங்கியது என்றும் கூறிற்று. மேகங்களின் வழியே கண்டம் விட்டுக் கண்டம் வந்திருக்கலாம் என்பது அவ்வாய்வாளரின் கருத்து. வழி எதுவாயினும், வந்த பொருள் இவ்வுலகத்துப் பாசியே. கேரளத்தில் செம்மழை 2001-க்கு முன்னரும் பெய்ததுண்டு. 2012-இல் கேரளத்திலும் இலங்கையிலும் பெய்தது.

கணக்கைத் தொகுத்துப் பார்த்தால்

செம்மழை விண்ணுயிரைக் கொணரவில்லை என்பதால், உயிர் விண்ணிலிருந்து வரவே இல்லை என்று முடித்துவிடலாமா? அதுவும் அவசரமே. இன்று நம் கையில் உள்ளவற்றை முறையாக எண்ணிப் பார்ப்போம்.

உயிருக்கு வேண்டிய மூலப் பொருள்கள் விண்ணில் உண்டாகின்றன என்பதில் இன்று ஐயமில்லை. 2020 டிசம்பரில் ஜப்பானிய விண்கலம் ரியூகு என்னும் சிறுகோளிலிருந்து 5.4 கிராம் மண்ணைக் கொணர்ந்தது. 2023 செப்டம்பர் 24-ஆம் நாள் அமெரிக்கக் கலம் பென்னு என்னும் சிறுகோளிலிருந்து 121.6 கிராம் கொணர்ந்தது. மர்ச்சிசன் கல் மண்ணில் விழுந்தபின் எடுக்கப்பட்டது. இவையோ விண்ணிலேயே அள்ளி, மூடி, முத்திரையோடு கொணரப்பட்டவை. பென்னுவின் மண்ணில், பூமியின் உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14-உம், டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகியவற்றின் ஐந்து மூல எழுத்துகளும், பண்டைய உவர்நீர் வற்றியதால் எஞ்சிய உப்புகளும் இருந்தன என்று 2025 ஜனவரியில் அறிவித்தனர். அங்கும் அமினோ அமிலங்கள் இட வலமாகச் சமமாகவே கலந்திருந்தன. செங்கற்கள் குவிந்து கிடக்கின்றன. கட்டடத்தின் சுவடு இல்லை.

ஓர் உலகத்துக் கல் மற்றோர் உலகத்தை அடையும் என்பதும் உறுதி. செவ்வாயிலிருந்து தெறித்த கற்கள் பூமியில் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்றில் அடைபட்டிருந்த காற்று, செவ்வாயில் இறங்கிய கலம் அளந்த காற்றோடு ஒத்திருந்தது. அண்டார்க்டிகாவில் 1984-இல் எடுத்த மற்றொரு செவ்வாய்க் கல்லில் நுண்ணுயிரின் சுவடுகள் உள என்று 1996-இல் பெரும் முழக்கத்தோடு அறிவித்தனர். அச்சுவடுகள் உயிரின்றியும் உண்டாகும் என்று பின்னர்ப் பலர் காட்டினர், அக்கூற்று நிலைபெறவில்லை.

உயிர் பயணத்தைத் தாங்குமா என்ற கேள்விக்கும் ஓரளவு விடை உண்டு. டைனோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவை உருண்டையாகத் திரட்டி, பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் மூன்று ஆண்டுகள் வைத்திருந்து ஜப்பானியர் சோதித்தனர். 2020-இல் வெளியான முடிவுப்படி, மேலே உள்ளவை மடிந்து, அவற்றின் நிழலில் உள்ளே இருந்தவை பிழைத்தன. அர்ரேனியஸுக்கு அன்று எழுந்த தடைக்கு இது ஒரு பகுதி விடையாகும். தனித்து மிதக்கும் வித்து மடியும், திரளாக ஒட்டியிருப்பதோ சில ஆண்டுகள் தாங்கும். ஆனால் விண்மீன்களுக்கிடையே ஆகும் காலம் ஆண்டுக் கணக்கு அன்று.

ஆகவே வர இயலும் என்பதற்குச் சான்று வளர்ந்து வருகிறது. வந்தது என்பதற்குச் சான்று ஒன்றேனும் இல்லை. 'இயலும்' என்பதும் 'நிகழ்ந்தது' என்பதும் இருவேறு சொற்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

இன்னொன்றும் உண்டு. உயிர் வேறோர் உலகிலிருந்து வந்ததாகவே வைத்துக்கொள்வோம். அவ்வுலகில் அது எவ்வாறு தோன்றியது? பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இங்கு நுண்ணுயிர் இருந்ததற்கான சுவடுகள் ஆஸ்திரேலியப் பாறைகளில் உள்ளன. அக்குறுகிய இடைவெளி போதாது என்று எண்ணுவோருக்கு விண்வித்துக் கொள்கை கூடுதல் காலத்தைத் தருகிறது. அதற்குமேல் அது தருவது இல்லை. பாஸ்டர் எழுப்பிய கேள்வி இடம் மாறுகிறது; தீர்வு பெறுவதில்லை.

இத்தகைய ஆய்வுகளைக் கேட்கும்போது நம்மவர் சிலர் இரு வகையில் அவசரப்படுகின்றனர். ஒரு சாரார், 'எங்கள் நம்பிக்கை முன்பே சொன்னதைத்தான் அறிவியல் இன்று சொல்கிறது' என்று மார்தட்டுகின்றனர். மற்றொரு சாரார், 'நம்பிக்கை இதோடு தகர்ந்தது' என்று முழங்குகின்றனர். இரு சாராரும் 2001 ஜூலையில் வந்த செய்தியின்மேல் வீடு கட்டியிருந்தால், அவ்வாண்டு நவம்பரில் அதன் அடித்தளம் கரைந்திருக்கும். நம்பிக்கையை ஆய்வுக் கூடத்தின் அன்றாடச் செய்தியில் சாய்த்து நிறுத்துவது நம்பிக்கைக்கும் பெருமை அன்று. ஆய்வுக்கும் நன்மை அன்று.

ஒரு வாரம் கழித்து அம்மாணவர் மீண்டும் வந்தார். மேற்கண்டவற்றை அவரிடம் சொன்னோம். ஜலந்தர் ஆமிலின் கதையை இருமுறை கேட்டார். வீட்டிலிருந்து ஒரு துண்டுக் கல்பாசி கொண்டுவரச் செய்து அவர் உள்ளங்கையில் வைத்தோம். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கடைசி வரியை அடித்துவிட்டு, அதன்கீழ் இவ்வாறு எழுதினார்: 'உயிருக்கு வேண்டிய பொருள்கள் விண்ணிலிருந்து வந்திருக்கின்றன. உயிர் வந்ததா என்பது இன்னும் தெரியவில்லை. கேரளத்தில் பெய்தது பாசியின் வித்து.'

"இப்படி முடித்தால் பரிசு கிடைக்குமா, மாமா?" என்று கேட்டார். அதுவும் தெரியவில்லை என்றோம். சிரித்துக்கொண்டே குறிப்பேட்டை மூடினார். வெளியே மேற்கு மலையின் முடிகளை மேகம் மூடியிருந்தது. சாரல் வரும் போலிருந்தது.